டார்ட்ஸை நம்பி வேலையை விடலாமா?

இங்கிலாந்தில் வசிக்கும் 29 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் ஆண்டுக்கு 34,000 பவுண்டு சம்பளம். மனைவி பகுதி நேரமாக வேலை செய்கிறார். இரண்டு வயதில் ஒரு மகள். கையிருப்பு 11,000 பவுண்டு. வட்டப் பலகையில் சிறு அம்புகளை எறியும் டார்ட்ஸ் ஆட்டத்தைப் பத்து ஆண்டுகளாக உள்ளூர் லீக்கிலும் கவுண்டி அணியிலும் ஆடிவருகிறார். தொழில்முறை டார்ட்ஸை நடத்தும் பிடிசி அமைப்பின் போட்டிகளில் ஆடும் உரிமையான டூர் கார்டுக்குக் கடந்த ஜனவரியில் நடந்த கியூ-ஸ்கூல் என்ற தகுதித் தேர்வில் இறுதிக் கட்டம் வரை போய், கொஞ்சத்தில் தவறவிட்டார். இந்த நவம்பரில் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் பயிற்சி செய்து மறுபடியும் போகலாம் என்று நினைக்கிறார். தொழிலதிபர் ஒருவர் ஆண்டுக்கு 8,000 பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்கு ஆதரவு தர முன்வந்திருக்கிறார். பதிலுக்குப் பரிசுத்தொகையில் 40 சதவீதம் கேட்கிறார். அப்பாவோ, “பாரில் ஆடும் ஆட்டத்தை வேலை என்கிறாயா?” என்கிறார். மனைவி ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கடிதத்தின் கடைசியில் இன்னும் சில வரிகள் இருக்கின்றன. நான்கு மாதங்களாக டார்ட்டை விடும் நொடியில் கை அப்படியே நின்றுவிடுகிறதாம். பயிற்சி நேரத்தை இரட்டிப்பாக்கியும் குறையவில்லை. அணித் தோழர் ஒருவர் தந்த ப்ராப்ரனோலால் மாத்திரையைப் போட்டிக்கு முன் இரண்டு முறை போட்டுக்கொண்டிருக்கிறார். கை விஷயம் மனைவிக்குத் தெரியாது. “வேலையை விட்டுவிட்டால் மனது லேசாகி இதுவும் சரியாகிவிடும் என நம்புகிறேன். நான் முடிவு செய்தது சரிதானா?” என்று முடிக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்தச் சில வரிகளில்தான் கடிதத்தின் மையமே இருக்கிறது. வேலை, ஒப்பந்தம், ஜனவரித் தேர்வு எல்லாமே உங்கள் கையைப் பொறுத்தவை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கை ஏன் நிற்கிறது?

இதற்கு டார்ட்ஸ் உலகில் ‘டார்டைட்டிஸ்’ என்று பெயர். கோல்ஃப் வீரர்களுக்குப் பந்தைத் தட்டும்போது மணிக்கட்டு துள்ளுவதும் இதற்கு உறவுதான். ஆயிரக்கணக்கான முறை பழகிய ஒரே அசைவில் மட்டும் நரம்புக் கட்டுப்பாடு தடுமாறுவது சிலருக்குக் காரணம். தோற்றுவிடுவோமோ என்ற பதற்றம் சிலருக்குக் காரணம். பெரும்பாலும் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. ஒரு முறை கை நின்றால், அடுத்த முறை நிற்குமோ என்று மனம் கையையே கவனிக்கத் தொடங்குகிறது. தானாக நடந்த அசைவை இப்படிக் கண்காணிக்கத் தொடங்கியதும் அது இன்னும் சிக்கிக்கொள்கிறது. இது கோழைத்தனமும் இல்லை, திறமை தீர்ந்துபோனதற்கு அடையாளமும் இல்லை.

ஐந்து முறை உலக சாம்பியனான எரிக் பிரிஸ்டோவுக்கு 1980களின் பிற்பாதியில் இது வந்தது. அதன் பிறகும் அவர் உலக இறுதிப் போட்டிகளில் ஆடினார். ஆனால் 1986-க்குப் பிறகு உலகப் பட்டம் கிடைக்கவில்லை. நெதர்லாந்தின் பெரி வான் பீர் 2017 கிராண்ட் ஸ்லாம் டார்ட்ஸ் போட்டி மேடையில், தொலைக்காட்சிக் கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்க, டார்ட்டை விட முடியாமல் கண்கலங்கி நின்றார். அவர் ஆட்டத்தைக் கைவிடவில்லை. 2023-இல் வேர்ல்ட் மேட்ச்பிளே என்ற பெரிய போட்டியை வென்ற நேதன் ஆஸ்பினாலும் தனக்கு இந்தத் தொல்லை இருந்ததை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். இதிலிருந்து மீண்டு வர முடியும் என்பதற்காகவும், முழுமையாக மீள்வோம் என்று யாரும் உறுதி தர முடியாது என்பதற்காகவும்தான் இவர்களைச் சொல்கிறேன்.

பயிற்சியை இரட்டிப்பாக்கியது இயல்பான எதிர்வினைதான். ஆனால் இந்தச் சிக்கலில் அது நேர் எதிராக வேலை செய்யும். தடுமாறும் அசைவையே ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை செய்தால், பழக்கமாவது தடுமாற்றம்தான். முதலில் உங்கள் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். எழுதும்போதும், ஸ்க்ரூடிரைவர் பிடிக்கும்போதும், கரண்டி பிடிக்கும்போதும் கை இப்படி நிற்கிறதா என்பதைக் கவனித்து அவரிடம் சொல்லுங்கள். நிற்கிறது என்றால் நரம்பியல் மருத்துவரின் பரிசோதனை கட்டாயம் தேவை. டார்ட்ஸில் மட்டும்தான் என்றால், விளையாட்டு உளவியலாளருடன் சேர்ந்து எறிதலை அடியிலிருந்து மறுபடி கட்ட வேண்டியிருக்கும். உளவியல் ஆலோசகர்களான நாங்கள் பொதுவாக ஸ்கோர் எண்ணாமல், இலக்கு இல்லாமல், குறைந்த நேரம் எறிவதில் தொடங்குவோம். பிடியையோ, நிற்கும் விதத்தையோ, எறியும் தாளத்தையோ சற்று மாற்றிப் பார்ப்போம். கை தயங்காமல் விடத் தொடங்கிய பிறகுதான் டபுள் (இரட்டைப் புள்ளி வளையம்), செக்அவுட் (ஆட்டத்தை முடிக்கும் எறிதல்), எதிராளி என்று அழுத்தத்தை ஒவ்வொன்றாகக் கூட்டுவோம். இதற்குப் பல மாதங்கள் ஆகலாம்.

இப்போது உங்கள் நம்பிக்கைக்கு வருகிறேன். வேலையை விட்டால் மனது லேசாகும் என்கிறீர்கள். இன்று ஒரு டார்ட் தவறினால் ஒரு ஆட்டம் போகும், அவ்வளவுதான். வேலையை விட்ட பிறகு தவறும் ஒவ்வொரு டார்ட்டுக்கும் பின்னால் வீட்டு வாடகையும் மகளின் காப்பகக் கட்டணமும் நிற்கும். பதற்றத்தால் நிற்கும் கைக்கு இதைவிடப் பெரிய சுமையை என்னால் யோசிக்க முடியவில்லை. ராஜினாமாவை இந்தச் சிக்கலுக்கு மருந்தாக நினைக்காதீர்கள் என்று உங்களை வருந்திக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த மாத்திரை

இதை உடனே நிறுத்துங்கள். ப்ராப்ரனோலால் ‘பீட்டா பிளாக்கர்’ வகையைச் சேர்ந்தது. இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும். அதனாலேயே உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில், டார்ட்ஸ் உட்படச் சில விளையாட்டுகளில் போட்டியின்போது இது தடைசெய்யப்பட்டிருக்கிறது. வில்வித்தை, பில்லியர்ட்ஸ், கோல்ஃப் வீரர்களுக்கும் இதே தடைதான். ‘நண்பர் கொடுத்தார், தெரியாமல் போட்டேன்’ என்ற விளக்கத்தால் தப்பிக்க முடியாது. உடலில் என்ன இருக்கிறதோ அதற்கு வீரரே பொறுப்பு. ஆட்டத் தகுதியையே இழக்க நேரிடலாம்.

அதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. சிறு வயதில் ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுத்ததாக வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த மருந்து மூச்சுக்குழாயைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தை உண்டாக்கலாம். நீங்கள் இரண்டு முறைதான் போட்டதாகச் சொல்வதால், இனி தொடாமல் இருந்தாலே போதும். இதைப் படிக்கும் வேறு யாராவது தினமும் எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென நிறுத்த வேண்டாம், மருத்துவரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். நீங்களும் மருத்துவரிடம் போகும்போது மாத்திரை எடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

டூர் கார்டு சம்பளம் தராது

கார்டு கிடைத்துவிட்டால் ஒரு வருமானம் உறுதி என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுக்க ஓடுகிறது. அது சரியல்ல. டூர் கார்டு, இரண்டு ஆண்டுகளுக்குப் போட்டிகளில் நுழையும் உரிமை மட்டுமே. மொத்தம் 128 பேர் அதை வைத்திருக்கிறார்கள். சுற்றுப்பயணத்தின் அன்றாடப் போட்டிகளான பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-இல் அப்படி 30 போட்டிகள் நடந்தன. ஒவ்வொன்றிலும் வென்றவருக்கு 15,000 பவுண்டு. முதல் சுற்றிலேயே தோற்ற 64 பேருக்கு ஒரு பென்னிகூட இல்லை. கேமராவோ கூட்டமோ இல்லாத அரங்குகளில், வரிசையாகப் போடப்பட்ட போர்டுகளில், காலையிலிருந்து மாலை வரை ஆடிவிட்டு வெறுங்கையோடு திரும்பும் நாட்களே ஒரு புதிய வீரருக்கு அதிகம். லெஸ்டர், விகன் மட்டுமல்ல, ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைமுக்கும் போக வேண்டும். பயணம், தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் உங்கள் கைப்பணம்.

தரவரிசை, கடந்த இரண்டு ஆண்டுகளில் ஜெயித்த பரிசுத்தொகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தக் காலத்தின் முடிவில் முதல் 64 இடங்களுக்குள் இல்லாவிட்டால் கார்டு போய்விடும், மறுபடி கியூ-ஸ்கூல்தான். நீங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்போது, உங்களோடு மோதுபவர்கள் ஏற்கெனவே சேர்த்து வைத்த தொகையோடு நிற்பார்கள்.

உலக சாம்பியனுக்குப் பத்து லட்சம் பவுண்டு என்று நீங்கள் எழுதியது உண்மைதான். 2026 உலக சாம்பியன்ஷிப்பின் மொத்தப் பரிசு 50 லட்சம் பவுண்டு, அதில் பத்து லட்சத்தை லூக் லிட்லர் வென்றார். ஆனால் கார்டு இருப்பவர்கள் எல்லோரும் அது நடக்கும் லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸுக்குள் நுழைந்துவிட முடியாது. 128 இடங்களில் 40 முதன்மைத் தரவரிசைக்கும், 40 சுற்றுப்பயணப் போட்டிகளுக்கான புரோ டூர் தரவரிசைக்கும் போயின. மீதி 48 உலகெங்குமிருந்து தகுதி பெற்றவர்களுக்கு. முதல் சுற்றில் தோற்றவருக்கு 15,000 பவுண்டு கிடைத்தது. உங்கள் வீட்டுக் கணக்குக்கு அந்தப் பத்து லட்சம் தேவையில்லை. இந்தப் பதினைந்தாயிரத்தை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் தகுதி பெற்றால் மட்டும்.

“லிட்லர் 16 வயதில் இறுதிப் போட்டி ஆடினார், எனக்கு 29 ஆகிவிட்டது” என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். இந்த வருத்தத்தை நீங்கள் இறக்கி வைத்துவிடலாம். பதினாறு உலகப் பட்டங்கள் வென்ற ஃபில் டெய்லர் முதல் பட்டத்தை 1990-இல் வென்றபோது அவருக்கும் 29 வயதுதான். கடைசி உலக இறுதிப் போட்டியை 57 வயதில் ஆடினார். அதில் அவரை 7–2 என வென்ற ராப் கிராஸ் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். 2016-இல், கார்டு இல்லாதவர்களுக்கான சேலஞ்ச் டூர் தரவரிசையில் முதலிடம் பிடித்துக் கார்டு வாங்கியவர். டார்ட்ஸில் வயது உங்களுக்கு எதிரி அல்ல. அவசரம்தான் எதிரி. கிராஸைப் போல முதல் ஆண்டிலேயே உலக சாம்பியனாவது விதிவிலக்கு. நான் அவரிடம் பார்க்கச் சொல்வது அவர் வந்த வழியை.

அந்த வழி உங்களுக்கும் திறந்திருக்கிறது. கியூ-ஸ்கூலில் கார்டு கிடைக்காதவர்கள் சேலஞ்ச் டூரில் ஆடலாம். அந்தப் போட்டிகள் பெரும்பாலும் வார இறுதியை ஒட்டியே நடக்கின்றன. ஆண்டின் முடிவில் அதன் தரவரிசையில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கு நேரடியாகக் கார்டு கிடைக்கும். லிஃப்ட் வேலையை வைத்துக்கொண்டே இதைச் செய்யலாம். பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் பல வேலை நாட்களில்தான் வரும். ஆகவே வேலை பற்றிய உண்மையான முடிவு, கார்டு கையில் வந்த பிறகுதான் தேவைப்படும்.

ஒப்பந்தத்தில் உள்ள மூன்று வரிகள்

நான் உளவியல் ஆலோசகர், வழக்கறிஞர் அல்ல. கையெழுத்துக்கு முன் ஒப்பந்தச் சட்டம் தெரிந்த சொலிசிட்டர் ஒருவரிடம் காட்டியே ஆக வேண்டும். ஆனால் நீங்கள் அனுப்பிய பக்கங்களில் எனக்கே கண்ணில் பட்டவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, 40 சதவீதம் என்பது செலவு கழிப்பதற்கு முன்னால் உள்ள தொகையில். ஆண்டுக்கு 30,000 பவுண்டு பரிசு வென்றீர்கள் என்று வையுங்கள். அவருக்கு 12,000 போகும், அவர் தந்தது 8,000. மீதி 18,000-இலும் அந்த 8,000-இலும் ஓராண்டுப் பயணமும் தங்கலும் கழிய வேண்டும். அதற்குப் பிறகு வரி. பரிசும் ஸ்பான்சர் பணமும் தொழில்முறை வீரருக்கு வருமானமாகவே பார்க்கப்படும். சுயதொழில் செய்பவராகப் பதிவு செய்து வரிக்கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். அந்த 40 சதவீதத்தைச் செலவாகக் காட்ட முடியுமா என்பதைக் கணக்காளரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, ‘வீரர் எந்தக் காரணத்தாலும் ஆட்டத்தை நிறுத்தினால் அதுவரை பெற்ற தொகை முழுவதையும் திருப்பித் தர வேண்டும்’ என்ற வரி. இதை ஆதரவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் வென்றால் அவருக்குப் பங்கு, வெல்லாவிட்டால் உங்கள் தலையில் கடன். கை தொல்லை கொடுக்கும் ஒருவர் கையெழுத்துப் போடக் கூடாத வரி உண்டென்றால் அது இதுதான்.

மூன்றாவது, ‘ஆட்டத்தைப் பாதிக்கும் உடல், மனக் குறைபாடு எதுவும் எனக்கு இல்லை’ என்ற உறுதிமொழி. இன்றைய நிலையில் அதில் கையெழுத்திட்டால் தெரிந்தே பொய் சொன்னதாகும். நாளை கை நின்றால், அந்த ஒரு வரியைக் காட்டியே அவர் உங்கள் மேல் வழக்குப் போட முடியும்.

நல்ல ஸ்பான்சர்கள் இருக்கிறார்கள். செலவு கழித்தபின் சிறு பங்கு, ஓராண்டுக் காலம், இரு தரப்பும் விலகும் உரிமை, திருப்பித் தரும் நிபந்தனை இல்லாமை: இப்படிக் கேட்பதில் தவறே இல்லை. கேட்டதற்காக ஒருவர் கோபப்பட்டால், அவரோடு மூன்று ஆண்டுகள் இருக்க முடியுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

வேலையிடத்தில் உங்கள் உரிமை

முதலாளியிடம் ராஜினாமா, இல்லையேல் ஒன்றுமில்லை என்று இரண்டு வழிகளை மட்டும் பார்க்கிறீர்கள். நடுவில் ஒரு வழி இருக்கிறது. பிரிட்டனில் (வட அயர்லாந்தில் விதிகள் வேறு) 2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வேலை நேரத்தையும் முறையையும் மாற்றித் தரும்படி கேட்கும் சட்ட உரிமை ஊழியருக்கு உண்டு. முதலாளி இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுக்கவும் செய்யலாம், ஆனால் சட்டம் சொல்லும் வணிகக் காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும், உங்களோடு கலந்து பேசவும் வேண்டும். நான்கு நாட்களில் முழு வார நேரத்தையும் முடிப்பது, சம்பளமில்லா விடுப்பு, அவசர அழைப்புப் பணியை வார நாட்களுக்கு மாற்றுவது என எழுத்தில் கேட்டுப் பாருங்கள். ஜனவரி கியூ-ஸ்கூலுக்கு உங்கள் ஆண்டு விடுப்பே போதும். சுயதொழிலுக்குப் போனால் சம்பளத்தோடு கூடிய விடுப்பும் இல்லை, நோயுற்ற கால ஊதியமும் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

நீங்கள் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர், அதனால் உங்களுக்கு விசாச் சிக்கல் இல்லை. இதே கனவோடு மாணவர் விசாவில் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த விசாவில் தொழில்முறை விளையாட்டு வீரராக வேலை செய்யத் தடை உண்டு. மற்ற விசாக்களிலும் நிபந்தனைகளைப் பார்க்காமல் பரிசுப் பணத்துக்கு ஆட இறங்காதீர்கள்.

உங்கள் அப்பா சொன்னதற்கும் ஒரு வார்த்தை. பரிசு, ஒழுங்குமுறை ஆணையம், ஊக்கமருந்துச் சோதனை, வரி எல்லாம் உள்ள ஒரு தொழில் இது. வீரர்கள் டார்ட்ஸ் மீது பந்தயம் கட்டவே கூடாது, ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே பேசிவைத்து ஆடியவர்களுக்குப் பல ஆண்டுத் தடை விதிக்கப்பட்டிருக்கிறது. இதை அவருக்கு எடுத்துச் சொல்லலாம். ஆனால் அவர் கேள்விக்குள் இருக்கும் பயம், குடும்பம் எப்படி ஓடும் என்பது. அதற்குப் பதில் உங்கள் செலவுக் கணக்கில்தான் இருக்கிறது. வாதாடிப் பயனில்லை.

என் கருத்து இதுதான். நவம்பரில் வேலையை விட வேண்டாம். அடுத்த சில மாதங்களைக் கைக்குக் கொடுங்கள். ஜனவரிக்குள் சரியானால் விடுப்பெடுத்துக் கியூ-ஸ்கூல் போங்கள். சரியாகாவிட்டால் இந்த ஜனவரியை விட்டுவிடுங்கள், அடுத்த ஜனவரியும் வரும். கார்டு கிடைத்து, அதோடு பன்னிரண்டு மாத வீட்டுச் செலவு தனியாகக் கையில் இருந்தால், வேலை நேரத்தைக் குறைப்பது பற்றி யோசிக்கலாம். இன்றைய 11,000 பவுண்டு அதற்குப் போதாது, அதில் பயணச் செலவை எடுக்கவே எடுக்காதீர்கள். கார்டு வந்த பிறகும் எத்தனை மாதம் முயல்வது, கையிருப்பு எந்த அளவுக்கு இறங்கினால் முழு நேர வேலைக்குத் திரும்புவது என்பதை மனைவியோடு உட்கார்ந்து முன்கூட்டியே எழுதி வையுங்கள். தோற்றுக்கொண்டிருக்கும்போது எடுக்கும் முடிவு நிதானமாக இருக்காது.

மனைவி ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாததற்குக் காரணம், அவரிடம் முழு விவரம் இல்லாததாக இருக்கலாம். நான்கு மாதமாக நீங்கள் ஆட்டம் முடிந்து எந்த முகத்தோடு வீடு திரும்புகிறீர்கள் என்பதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். கை நிற்பதையும் மாத்திரை போட்டதையும் இன்றே சொல்லுங்கள். அவர் கோபப்படலாம், அதற்கு இடம் கொடுங்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று ஸ்பான்சர் கெடு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். “சொலிசிட்டர் பார்த்த பிறகு, ஜனவரி முடிந்ததும் பேசலாம். அதுவரை எதிலும் கையெழுத்திட மாட்டேன்” என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் சொல்ல வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும். அவர் காத்திருக்க மறுத்தால் அந்த வாய்ப்பைப் போகவிடுங்கள். திங்கட்கிழமை காலையில் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டு எனக்கு எழுதுங்கள்.